உகாண்டா குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வருட ஊழியம்: அன்றாட வேலை எப்படி இருக்கும்?

கேட்டவர்: கடற்கரைச்சாலை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நானும் கணவரும் சபை வழியாக உகாண்டாவின் கிழக்குப் பக்கம், ஜின்ஜாவுக்கும் இகாங்காவுக்கும் நடுவில் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு இரண்டு வருடத்துக்குப் போகிறோம். 22 பிள்ளைகள். பிறந்து சில நாளே ஆனவர்களிலிருந்து நாலு வயது வரை. கைவிடப்பட்டவர்கள், பிரசவத்தில் தாயை இழந்தவர்கள், சத்துக்குறைவோடு வந்தவர்கள். நான் பால்வாடி ஆசிரியை, நர்ஸ் இல்லை. கணவருக்குக் கணக்கு வேலை.

அழைப்பைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் பயிற்சியில் நிறையச் சொன்னார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தால் கை என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. பால் கரைப்பது, காய்ச்சல், துணி, சாப்பாடு, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பேப்பர்கள்: தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

பதில்: ஒலிவமரம்

சகோதரி, பாலில் தொடங்குகிறேன். இல்லத்தில் அதிகத் தவறு நடக்கும் இடம் அதுதான்.

முதலில் டப்பாவைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணப் பால் பவுடர் பச்சைக்குழந்தைக்கு ஆகாது. கைக்குழந்தைக்கென்றே இருக்கும் பவுடர்தான் வேண்டும். நன்கொடையில் இரண்டும் கலந்து வரும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால் தனித்தனி அலமாரியில் வையுங்கள்.

அந்தப் பவுடரும் கிருமி நீக்கப்பட்டது இல்லை. அதனால்தான் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே பவுடரைப் போட வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு லிட்டருக்குக் குறையாமல் மூடிவைத்து, அரை மணி நேரத்துக்குள் கரைத்துவிடுங்கள். டம்ளரில் கொஞ்சமாக எடுத்து வைத்தால் சீக்கிரமே ஆறிப்போகும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகுதான் பவுடர். பவுடரை முதலில் போட்டு 90 மில்லி கோடு வரை ஊற்றினால் தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகும், குழந்தையின் உடம்பில் உப்பு ஏறும். ஸ்பூனில் எடுத்ததைக் கத்தி முதுகால் வழித்துச் சமமாக்குங்கள், அழுத்தி அடைக்கக் கூடாது. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு ஸ்பூன். சிலதில் 60 மில்லிக்கு ஒன்று. டப்பா மாறும்போதெல்லாம் படித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கரைத்ததும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து உடம்புச் சூட்டுக்கு ஆற்றுங்கள். கரைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம், அதற்கு மேல் மீந்தது கீழே போக வேண்டியதுதான். மனசு கேட்காது, ஆனாலும் கொட்டுங்கள்.

இரவுதான் சறுக்கும். எட்டு மணிக்கு பிளாஸ்கில் ஊற்றிய வெந்நீர் இரண்டு மணிக்கு 70 டிகிரியில் இருக்கும் என்ற உறுதி இல்லை. ஊருக்கு வெளியே கரண்டும் நம்ப முடியாது, எனவே முன்னதாகக் கரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். 10, 1, 4 மணி என்று எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் ஒரே நேரம் வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொதிக்க வைப்பதே நல்லது.

அளவு: முதல் வாரம் தாண்டிய குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி. நாலு கிலோ என்றால் 600 மில்லி, எட்டு வேளைக்கு 75 மில்லி வீதம். 400 கிராம் டப்பா அந்தக் குழந்தைக்கு ஐந்து நாள்கூட முழுசாக வராது. வாங்கும் கணக்கை இதை வைத்துப் போடுங்கள். டப்பா தீர்ந்துவருகிறதே என்று தண்ணீர் கூட்டுவதுதான் எடை ஏறாததற்குப் பல இடங்களில் காரணம்.

பாட்டில் வேண்டாம். நிப்பிளின் இடுக்கில் தங்கும் பாலை இருட்டில் யாரும் ஒழுங்காகக் கழுவ மாட்டார்கள். நம் ஊர் பாலாடை இருக்கிறதே, அந்த எவர்சில்வர் சங்கு, அதில் அரை டஜன் கொண்டுபோங்கள். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, நுனியைக் கீழுதட்டில் வைத்து, அது நக்கி உறிஞ்சும் வேகத்துக்குக் காத்திருக்க வேண்டும். வாயில் ஊற்றினால் புரையேறும்.

அடுத்து சத்துக்குறைவு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை இடது மேல்கையின் நடுச்சுற்றளவை அளக்கும் நாடா இருக்கும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான சத்துக்குறைவு, 12.5 வரை நடுத்தரம். இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால் கை எவ்வளவு பருமனாக இருந்தாலும் அது கடுமைதான். வீங்கிய குழந்தையைக் 'கொழுகொழு' என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

இந்தக் குழந்தையை இல்லத்தில் வைத்து நீங்கள் தேற்றக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பட்டினி கிடந்த உடம்புக்கு முட்டையும் பாலும் அள்ளிக் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சட்டென்று இறங்கி இதயம் நின்றுவிடும். மருத்துவமனையில் முதல் நாட்களில் எஃப்-75 என்ற பாலை வேண்டுமென்றே குறைந்த சத்தோடு, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 130 மில்லி வீதம் கணக்கிட்டு, அதைப் பிரித்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தருவார்கள். ஆறு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 65 மில்லிதான். வீக்கம் அதிகம் இருந்தால் இன்னும் குறைவு. சாதாரண உப்புச்சர்க்கரைக் கரைசலில் இவர்களுக்கு உப்பு அதிகம், அதற்கும் தனிக் கரைசல் உண்டு. கம்பாலாவில் முலாகோ மருத்துவமனையின் ம்வானாமுகிமு பிரிவு இதற்கென்றே இருப்பது. உங்கள் மாவட்ட மருத்துவமனையில் இந்தப் பிரிவு எங்கே என்று முதல் வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

வண்டி வரும்வரை உங்கள் வேலை இரண்டு. சூடு: தலைக்குக் குல்லா, நெஞ்சோடு அணைத்து மேலே போர்வை. சர்க்கரை: மூன்றரை மேசைக்கரண்டி காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைக் குவித்துப் போட்டுக் கரைத்தால் 50 மில்லி வரும். நினைவோடு இருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

காய்ச்சல். அந்தப் பகுதியில் வருடம் முழுக்க மலேரியா. காய்ச்சல் வந்த அன்றே விரல்நுனி ரத்தச் சோதனை செய்ய வேண்டும். சோதிக்காமல் மாத்திரை கொடுத்தால் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் மறைந்து நிற்கும். மலேரியா என்று வந்தால் கிளினிக்கில் ஆர்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் தருவார்கள். 5 முதல் 15 கிலோவுக்குள் ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை. இரண்டாவது வேளை முதல் மாத்திரைக்குச் சரியாக எட்டு மணி நேரம் கழித்து. ராத்திரி தூங்கட்டும் என்று தள்ளாதீர்கள். வெறும் வயிற்றில் இந்த மருந்து ஒட்டாது, பாலோடு கொடுங்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி கொடுக்க வேண்டும், ஆகவே கிளினிக்கில் கூடுதலாக ஒன்று கேட்டு வாங்குங்கள். இரண்டாம் நாள் பிள்ளை ஓடியாடும், ஆறு வேளையையும் முடித்தே ஆக வேண்டும். சரியான பிறகும் அந்த விரைவுச் சோதனை சில வாரங்கள் மலேரியா என்றே காட்டும். பதினைந்து நாளில் மறுபடி காய்ச்சல் என்றால் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லிக்கு 120 ஆ, 250 ஆ என்று பாருங்கள். பத்து கிலோ பிள்ளைக்கு முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி.

குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பியும் விழிக்காமை: நாலில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே மருத்துவமனை.

பதில்: கிணற்றடி

ஒலிவமரம் அக்கா மருத்துவம் சொல்லிவிட்டார்கள். நான் கொல்லைப்புறம் சொல்கிறேன்.

22 பிள்ளைகளில் 14 பேர் நாப்கின் கட்டுபவர்கள் என்று வைத்தால் நாளைக்கு நூறு துணி. தண்ணீர் அங்கே ஜெரிக்கேன் கணக்குதான், ஒரு மஞ்சள் கேன் 20 லிட்டர். ஒரு சோப்பும் இரண்டு அலசலும் வைத்தால் நாப்கினுக்கு மட்டும் 12 கேன் போகும். மழைநீர்த் தொட்டி துவைக்க, போர்வெல் தண்ணீர் குடிக்க என்று பிரித்து வையுங்கள். பேதி பரவும் நாட்களில் துவைத்த துணியைக் குளோரின் தண்ணீரில் முக்க வேண்டும். 3.5 சதவீத பிளீச் என்றால் 100 மில்லியை 7 லிட்டரில் கலந்தால் 0.05 சதவீதம் வரும். மலத்தைக் கழுவி எடுத்த பிறகுதான் முக்க வேண்டும், அழுக்கோடு போட்டால் குளோரின் செத்துவிடும்.

காய்ந்த துணியை இஸ்திரி போடாமல் குழந்தைக்குக் கட்டாதீர்கள். மாம்பழ ஈ என்று ஒன்று உண்டு. ஈரத் துணியிலும் நிழலான மண்ணிலும் முட்டை இடும். முட்டை பொரித்த புழு தோலுக்குள் இறங்கிக் கொப்புளமாகும். கொப்புளத்தின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி இருந்து, அது அசைந்தால் இதுதான். பிதுக்கக் கூடாது. வாஸ்லினைக் கனமாகப் பூசி மூச்சுவிடும் துளையை அடைத்தால் புழு மேலே எட்டும், அப்போது இடுக்கியால் எடுக்கலாம். இஸ்திரி போடும்போது இரண்டு பக்கமும், முக்கியமாகத் தையல் மடிப்பிலும் இடுப்பு எலாஸ்டிக்கிலும் சூடு ஏற வேண்டும். துணியை வெயிலில் கொடியில் போடுங்கள். புல்லில் விரிப்பது அங்கே பழக்கம், அதை மாற்றப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

மண்தரை இருந்தால் ஜிக்கர் வரும். காலில் புகும் தெள்ளுப்பூச்சி, நகக்கண்ணில் வெள்ளை வட்டமும் நடுவில் கறுப்புப் புள்ளியுமாகத் தெரியும். ஒரே ஊசியால் எல்லாப் பிள்ளைக்கும் எடுப்பது ஆபத்து. டைமெத்திகோன் எண்ணெய் கிடைத்தால் அதைப் பூசினாலே போதும். தரைக்கு சிமென்ட் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கொசுவலை ஒவ்வொரு தொட்டிலுக்கும் தனித்தனியாக, மெத்தைக்கு அடியில் செருகி. மருந்து ஏற்றிய வலை இருபது சலவைதான் தாங்கும், பிளீச் படக் கூடாது, நிழலில் உலர்த்த வேண்டும். இரவில் குளிருகிறதென்று கரியடுப்பைக் குழந்தைகள் அறைக்குள் வைக்க யாரையும் விடாதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை சத்தமில்லாமல் கொல்லும்.

சாப்பாடு: அங்கே கேழ்வரகு உண்டு, உங்களுக்குக் கை பழகியதுதான். போஷோ என்ற மக்காச்சோளக் களி மட்டும் என்றால் வயிறு நிரப்பும், வளர்த்தாது. நாலு பங்கு கேழ்வரகு மாவு, ஒரு பங்கு வறுத்து அரைத்த சோயா, கிண்ணத்துக்கு ஒரு டீஸ்பூன் முகெனே பொடி. முகெனே என்பது விக்டோரியா ஏரியின் சின்னக் கருவாடு. மணலில் உலர்த்தியதை வாங்காதீர்கள், வலைத்தட்டில் உலர்த்தியது என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கூழ் நறநறவென்றிருக்கும். சோயாவைப் பச்சையாக அரைத்தால் செரிக்காது, வறுத்தே ஆக வேண்டும். கூழ் ஸ்பூனைச் சாய்த்தாலும் ஒட்டி நிற்கும் பதத்தில் இருக்கட்டும். ஊற்றுகிற பதத்தில் இருந்தால் வயிறு நிரம்பும், சத்து சேராது. கெட்டியாக இருந்து குழந்தை விழுங்கத் திணறினால் தண்ணீர் சேர்க்காதீர்கள். முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூனை இறக்கும் சூட்டில் கலக்கி ஒரு கொதி விடுங்கள், தானாக இளகும். நிலக்கடலை விழுதாக மட்டும். பூஞ்சை பிடித்து நிறம் மாறிய கடலையும் சோளமும் பன்றிக்குக்கூட வேண்டாம், ஈரலைக் கெடுக்கும்.

பதில்: வாசல்படி

பேப்பர் விஷயம். இல்லத்துக்குப் பாலினம், தொழிலாளர், சமூக மேம்பாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று போவதற்கு முன்பே நகல் கேளுங்கள். 2013-இல் வந்த அங்கீகரிக்கப்பட்ட இல்லங்களின் விதிகள் இதற்குத்தான். நகல் அனுப்பத் தயங்கினால் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வதும் குற்றம், பணி அனுமதி கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

ஒரு குழந்தை வாசலுக்கு வந்தால் ஊர்த்தலைவர், அதாவது எல்.சி. ஒன்று சேர்மனின் கடிதம், கைவிடப்பட்டதென்றால் போலீஸ் பதிவு எண், மாவட்ட நன்னடத்தை மற்றும் சமூகநல அதிகாரியின் கடிதம், பிறகு குடும்ப-குழந்தைகள் நீதிமன்றத்தின் பராமரிப்பு உத்தரவு. அதிகாரிக்கு அன்றே தகவல் போக வேண்டும். உத்தரவு அதிகபட்சம் மூன்று வருடத்துக்குத்தான், தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். நீங்கள் போகும்போது கோப்புகளைத் திறந்தால் பாதியில் தேதி தாண்டியிருக்கலாம். கணவர் கணக்கர் என்பதால் முதல் மாத வேலை அவருக்கு இதுதான்.

கைக்குழந்தை சுற்றப்பட்டு வந்த துணியைத் தயவுசெய்து துவைக்காதீர்கள், எரிக்காதீர்கள். அழுக்கோடு, காய்ந்ததும், காகித உறையில் போட்டு, தேதி, நேரம், கிடைத்த இடம், கொண்டுவந்தவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் எழுதி ஒட்டுங்கள். கிடெங்கே என்ற அந்த ஊர் அச்சுத் துணியின் ஓரத்தில் கிழிந்த விதமோ, மருத்துவமனைப் போர்வையின் முத்திரையோ, தொப்புள்கொடியைக் கட்டிய நூலோ எங்கே பிறந்தது என்று சொல்லும். பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்குத் தன் தாயிடமிருந்து வந்த ஒரே பொருள் அதுவாக இருக்கலாம்.

பெயர் இருந்தால் மாற்றாதீர்கள். இகாங்கா, மயூகே பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. சுலைமானாக வந்த பிள்ளை சாலொமோனாகத் திரும்பிப் போனால் பாட்டி வாங்கிக்கொள்ள மாட்டாள். நாம் ஜெபிக்கலாம், பாடலாம். குடும்பம் உள்ள பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது நம் உரிமையில் இல்லை.

ஏனென்றால் இல்லத்தில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உண்டு, இல்லையென்றால் ஜாஜா, அதாவது பாட்டி தாத்தா. வறுமை மட்டுமே பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல் சொல்கிறது. தாய் இறந்த குழந்தைக்குப் பலமுறை தேவைப்படுவது ஒரு வருடத்துப் பால் மட்டும்தான். பாலை ஜாஜாவின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துக் கரைக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று ஒவ்வொரு சேர்க்கையிலும் முதலில் கேளுங்கள்.

குடும்பம் தேடுவதற்கு உள்ளூர் எஃப்.எம். அறிவிப்பு, சந்தை நாள், பள்ளிவாசல், ஆலயம், பிரசவம் நடந்த சுகாதார மையத்தின் பதிவேடு. கிடைத்ததும் ஒரே நாளில் ஒப்படைக்காதீர்கள். அவர்கள் வந்து பார்க்கட்டும், பால் ஊட்டட்டும், ஒரு பகல், ஒரு இரவு, பிறகு ஒரு வாரம். ஒப்படைத்த பின் முதல் மாதம் வாரம் ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை, ஒரு வருடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எடையை அங்கேயே நிறுங்கள். மெத்தை, வலை, பாத்திரம் கொடுக்கும்போது அந்த வீட்டு மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். வந்த பிள்ளைக்கு மட்டும் புது மெத்தை என்றால் அன்றிரவே அடி விழும்.

கடற்கரைச்சாலை

கை நடுங்குகிறது, ஆனால் இப்போதுதான் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் இரண்டு கேள்வி. பிள்ளைகள் எங்களை அம்மா, அப்பா என்று கூப்பிட விடலாமா? சபைக்கு மாதாமாதம் படத்தோடு கடிதம் கேட்கிறார்கள், அனுப்பலாமா?

பதில்: வாசல்படி

படம்: முகம் தெரியக் கூடாது. பெயர், ஊர், எச்.ஐ.வி. நிலை, எப்படிக் கைவிடப்பட்டது என்பது எதுவும் கூடாது. கை, பாலாடை, கொடியில் காயும் நூறு நாப்கின், கூழ்ப் பானை. இவை போதும், சபை புரிந்துகொள்ளும். பத்து நாள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகும் குழுக்களையும் அனுப்ப வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வர விரும்புகிறவர்கள் கூரை மாற்றட்டும், தொட்டி கட்டட்டும்.

பதில்: முல்லைப்பந்தல்

அம்மா என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் நம் டோனாவூரில், அயர்லாந்திலிருந்து வந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1901-லிருந்து பிள்ளைகளைச் சேர்த்தபோது அவரை எல்லோரும் அம்மா என்றார்கள். ஆனால் அங்கே பிள்ளைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் அக்காள், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி. அந்த முறை நல்லது. ஏமி ஊருக்குத் திரும்பவே இல்லை, 1951-இல் டோனாவூரிலேயே இறந்தார். நீங்கள் இரண்டு வருடத்தில் திரும்புகிறவர்கள். அதனால் ஆன்ட்டி, அங்கிள் போதும். மாமா என்ற சொல் அங்கே அம்மாவைக் குறிப்பது, அது அந்த ஊர்ப் பராமரிப்பாளருக்குப் போகட்டும்.

இதைச் சொல்லளவில் விடாதீர்கள். பணிப்பட்டியலில் கொண்டுவாருங்கள். ஒரு பராமரிப்பாளருக்கு மூன்று, மிஞ்சினால் நாலு குழந்தைகள், பெயர் சொல்லி ஒதுக்கி. அவர் பணியில் இருக்கும் நேரமெல்லாம் அந்த நாலு பேருக்குப் பால், குளியல், தாலாட்டு எல்லாம் அவர் கையால்தான். ஒருவர் வரிசையாக எல்லோருக்கும் பால், இன்னொருவர் எல்லோருக்கும் குளியல் என்று பிரித்தால் வேலை சீக்கிரம் முடியும், குழந்தைக்கு மட்டும் ஆள் கிடையாது. இரவுப் பணிக்கும் அதே ஆட்களே மாறி மாறி வரட்டும்.

இரண்டு அடையாளங்களைக் கவனியுங்கள். அழாத குழந்தைகள் நிறைந்த அமைதியான அறை நல்ல அறை இல்லை, அழுதாலும் யாரும் வர மாட்டார்கள் என்று அவை கற்றுக்கொண்டிருக்கலாம். முதல் நாளே உங்கள் காலைக் கட்டிக்கொள்ளும் மூன்று வயதுப் பிள்ளையும் அப்படித்தான், யார் வந்தாலும் கட்டிக்கொள்ளும். தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளத்தான் தோன்றும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அதன் மாமாவிடம் விடுங்கள், அவர் தூக்கட்டும்.

நீங்கள் பால்வாடி ஆசிரியை என்பது பெரிய பலம். கைக்குழந்தைகளைப் பகலில் தொட்டிலிலிருந்து இறக்கிப் பாயில் குப்புறப் போடுங்கள், பக்கத்தில் ஒருவர் எப்போதும் இருக்க. பேச்சு லுசோகாவிலோ லுகாண்டாவிலோ இருக்கட்டும். வீடு திரும்பும் பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்திருந்தால் ஜாஜாவிடம் பசிக்கிறது என்றுகூடச் சொல்ல வராது.

பதில்: ஒலிவமரம்

எச்.ஐ.வி. பற்றி விட்டுவிட்டேன். தாய் யாரென்று தெரியாத குழந்தைக்கு விரைவுச் சோதனையில் இருக்கிறது என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். 18 மாதம் வரை தாயின் எதிர்ப்புச் சத்தே ரத்தத்தில் சுற்றலாம். ஆறு வாரத்திலிருந்து குதிகாலில் ரத்தம் எடுத்துக் காகிதத்தில் உலர்த்தி அனுப்பும் பி.சி.ஆர். சோதனைதான் உண்மையைச் சொல்லும். முடிவு வரும்வரை, மற்றத் தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மருந்தைத் தினமும் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், சமையலறையில் பேச்சாகக் கூடாது.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குக் கைகால் விரல்கள் வீங்கி, தொட்டால் அலறினால் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனை கேளுங்கள். அந்தப் பகுதியில் அது சாதாரணம்.

கிளம்பும் முன் மஞ்சள் காய்ச்சல் ஊசி. சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டுச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். பெட்டியில் இடம் இருந்தால் சமையலறைத் தெர்மாமீட்டர் இரண்டு, தொங்கவிட்டு நிறுக்கும் தராசு ஒன்று. தராசைப் போட்டதும் இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை மாட்டிச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, வாரம் ஒருமுறை அதே பொட்டலத்தை வைத்தே சோதியுங்கள்.